ஒரு பிள்ளை குறைந்தது: ஒரு தொடக்கப் பள்ளியில் நடந்த பணிநிரவல், நிகழ்வு ஆய்வு

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். என் பள்ளியில் ஓர் ஆசிரியர் உபரி என்று கணக்கிடப்பட்டு, அவர் கேட்காத இடத்துக்கு அனுப்பப்பட்டார். ஆரம்பம் முதல் முடிவு வரை நடந்ததையும், அதில் நான் செய்த தவறையும் எழுதி வைக்கிறேன். இன்று தலைமையாசிரியர் நாற்காலியில் இருப்பவர்களுக்கும், ஆகஸ்ட் மாதம் வந்தாலே வயிறு கலங்குகிற இடைநிலை ஆசிரியர்களுக்கும் பயன்படும். ஊர், ஒன்றியம், ஆண்டு எதையும் சொல்லவில்லை. சம்பந்தப்பட்ட இரண்டு ஆசிரியர்களும் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் இதை வெளியிடுகிறேன்.

பின்னணி

வட தமிழகத்தில், பொங்கல் முடிந்த கையோடு குடும்பம் குடும்பமாகச் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் கிளம்பிவிடும் ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. முன்பணம் வாங்கியவர்கள் அது கழியும்வரை திரும்ப முடியாது. மழை சீக்கிரம் பிடித்தால் ஜூனில் வருவார்கள், இல்லாவிட்டால் ஜூலை, ஆகஸ்ட் ஆகும். பிள்ளைகளும் அவர்களோடுதான்.

பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள், என்னையும் சேர்த்து நான்கு பணியிடங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எங்கள் துறையில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம்: 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு, 121 முதல் 200 வரை ஐந்து. எண்ணிக்கை பார்க்கும் நாள் ஆகஸ்ட் 1. அன்று எமிஸ் என்கிற, கல்வித் துறையின் மாணவர் பதிவு இணையதளத்தில் எத்தனை பெயர் இருக்கிறதோ அதுதான் பள்ளியின் பலம். அதை வைத்துப் பணியிட நிர்ணயம் செய்வார்கள். மிஞ்சுகிற இடத்தில் இருப்பவரை ஆள் இல்லாத பள்ளிக்கு அனுப்புவதற்குப் பெயர்தான் பணிநிரவல்.

முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 1-ல் எங்களுக்கு 103 பிள்ளைகள். நான்கு இடமும் பத்திரமாக இருந்தது.

மற்ற மூவரில் ஒருவர் ஒன்பது ஆண்டுகளாக எங்கள் பள்ளியிலேயே இருந்தவர், மொத்தப் பணிக்காலம் 12 ஆண்டு. ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை இங்கே இளைய ஆசிரியர் என்று சொல்கிறேன். இன்னொருவர் எங்களிடம் வந்து இரண்டே ஆண்டுதான், ஆனால் பணிக்காலம் 21 ஆண்டு. வீடு ஒன்றியத்தின் மறு கோடியில், தினமும் 22 கிலோமீட்டர் வந்து போவார். அவரை மூத்த ஆசிரியர் என்கிறேன். மூன்றாமவர் 16 ஆண்டு பணி முடித்த ஒரு சார்.

வெளியே இருப்பவர்களுக்குப் புரிவதற்காக ஒன்று சொல்ல வேண்டும். உபரி வந்தால் போக வேண்டியவர் பணிமூப்பில் இளையவர். ஒரு பள்ளியில் எத்தனை ஆண்டு இருந்தார், எந்த வகுப்பைத் தூக்கி நிறுத்தினார் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. தலைமையாசிரியருக்குப் பிடித்தவர் தங்கிவிட்டுப் பிடிக்காதவர் போகிற நிலை வராமல் இருப்பதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

ஜூன், ஜூலை: நான் பார்த்தும் பார்க்காமல் விட்டது

ஐந்தாம் வகுப்பு முடித்து 24 பேர் போனார்கள், மீதி 79. ஒன்றாம் வகுப்பில் 17 பேர் சேர்ந்தார்கள், 96 ஆனது. பக்கத்து ஊர் ஆங்கிலவழிப் பள்ளியின் வேன் அந்த ஆண்டு எங்கள் தெருவுக்குள் வர ஆரம்பித்ததால் மூன்று பேர் டி.சி. வாங்கினார்கள், 93. இதுவரை பயமில்லை என்று நினைத்துவிட்டேன்.

சூளைக்குப் போன நான்கு குடும்பங்களின் எட்டுப் பிள்ளைகள் ஜூலை பாதி ஆகியும் வரவில்லை. நீண்ட நாள் வராதவர்களை எமிஸில் பொதுத் தொகுப்புக்கு, அதாவது எந்தப் பள்ளியின் கணக்கிலும் இல்லாத பட்டியலுக்கு, மாற்றச் சொல்லி, சுற்றுப் பள்ளிகளை ஒருங்கிணைக்கும் குறுவள மையத்திலிருந்து அழுத்தம் வந்தது. அதிலும் நியாயம் உண்டு. பிள்ளையின் பெயர் எங்கள் பள்ளியிலேயே கிடந்தால் சூளைக்குப் பக்கத்துப் பள்ளி அவனைச் சேர்க்க முடியாது. எட்டுப் பேரையும் மாற்றினேன், 85. ஜூலைக் கடைசியில் மூன்று பேர் ஊர் திரும்பினார்கள், புதிதாக இரண்டு பேர் சேர்ந்தார்கள்.

ஆகஸ்ட் 1 காலையில் எமிஸில் எங்கள் எண் 90.

இன்னும் ஐந்து பிள்ளைகள் சூளையில் இருந்தார்கள், அதில் ஒருவன் வந்திருந்தால் 91. ஜூன் மாதமே ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால், அந்தக் குடும்பங்களைத் தொலைபேசியில் பிடித்து எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். புத்தகம் வாங்குவது, காலை உணவுக்கு ஏற்பாடு, பயிற்சி என்று ஓடிக்கொண்டிருந்தேன். எண் என்னைத் தேடி வரும்வரை நான் எண்ணைத் தேடிப் போகவில்லை.

முதல் முடிவு: பெயரை மட்டும் சேர்ப்பதில்லை

ஜூலை 31 மாலையில் ஒரு யோசனை வந்தது, யார் சொன்னார் என்பது வேண்டாம். தனியார் பள்ளியில் படிக்கிற உறவுக்காரப் பிள்ளை ஒன்றின் பெயரை ஒரு மாதத்துக்கு மட்டும் எங்கள் பதிவில் வைத்துக்கொள்ளலாம், நிர்ணயம் முடிந்ததும் விட்டுவிடலாம் என்று. சில இடங்களில் செய்வதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. சட்டத்துக்குப் பயந்ததும் ஒரு காரணம், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பெரிய காரணம் வேறு. நாங்கள் பொய்யாகப் பிடித்து வைத்துக்கொள்கிற ஒவ்வோர் இடமும் வேறு எங்கோ ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு திணறுகிற பள்ளிக்குப் போக வேண்டிய இடம். அப்படி ஒரு பள்ளி எங்கள் ஒன்றியத்திலேயே இருந்தது: 52 பிள்ளைகள், இரண்டு பணியிடம், மே மாதம் ஒருவர் ஓய்வு பெற்றதிலிருந்து ஒற்றை ஆள். கடைசியில் என் இளைய ஆசிரியர் போய்ச் சேர்ந்தது அங்கேதான்.

ஆகஸ்ட் 17-க்குள் ஐந்து பிள்ளைகளும் திரும்பி வந்துவிட்டார்கள். எங்கள் வகுப்பறைகளில் 95 பிள்ளைகள், கணக்கில் 90. வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கடிதம் கொடுத்தேன். நாள் ஆகஸ்ட் 1 என்று இருக்கும்போது அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்பது எனக்கே தெரியும், ஆனாலும் கோப்பில் இருக்கட்டும் என்று கொடுத்தேன்.

பட்டியல் வந்த இரவு

காலாண்டுத் தேர்வு முடிந்த சமயம். இரவு ஒன்பதே முக்காலுக்கு ஒன்றியத் தலைமையாசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பி.டி.எஃப். வந்தது. ஆறு பக்கம். முதல் மூன்று பக்கம் செயல்முறைகள், அதாவது உத்தரவும் விதிகளும், அடுத்தது உபரிப் பட்டியல். நான் நேராகப் பட்டியலுக்குப் போனேன், எங்கள் பள்ளியின் பெயரையும் இளைய ஆசிரியரின் பெயரையும் பார்த்தேன், ஃபோனை வைத்துவிட்டேன். முதல் மூன்று பக்கத்தை அன்று படிக்கவில்லை.

இந்த நிகழ்வில் நான் செய்த பெரிய தவறு அதுதான். இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது: இளையவருக்குப் பதிலாக அதே பள்ளியில் மூத்தவர் ஒருவர் போக விருப்பப்பட்டால், அவர் எழுத்தில் கொடுக்கலாம், மறுநாள் மாலை 5 மணிக்குள். நான் அதைப் படித்தது நான்கு நாள் கழித்து, எல்லாம் முடிந்த பிறகு.

இளைய ஆசிரியருக்கு விஷயம் என் மூலமாகக்கூடத் தெரியவில்லை. வேறு பள்ளித் தோழி ஒருவர் அந்தப் பட்டியலில் அவர் பெயருக்குச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார். மறுநாள் காலை வந்ததும் ஃபோனை என் மேஜையில் வைத்து, “டீச்சர், இது நான்தானா?” என்று கேட்டார். முந்தைய இரவே நான் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன்.

கலந்தாய்வு

ஒன்றியத்தில் அந்த முறை நான்கு பேர் உபரி. காலியிடங்கள் என்னென்ன என்பது கலந்தாய்வு அறையில் திரையில் போட்டபோதுதான் தெரியும், முன்கூட்டி யாருக்கும் காட்டவில்லை. மூத்தவர் முதலில் தேர்வு செய்வார். எங்கள் ஆசிரியரின் முறை மூன்றாவது. அவர் எழுந்தபோது திரையில் இரண்டு ஊர்கள்தான் மிச்சம்: ஒன்று வீட்டிலிருந்து 27 கிலோமீட்டர், இன்னொன்று அதைவிடத் தூரம், பேருந்தும் சரியாக இல்லாத ஊர். கணவருக்கு ஒரு ஃபோன் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். “அம்மா, பின்னாடி ஆள் இருக்காங்க” என்றார்கள். 27 கிலோமீட்டர் ஊரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். உள்ளே போனதிலிருந்து ஆணை கைக்கு வரும்வரை பத்து நிமிடம் இருக்கும்.

இரண்டு பேருந்து மாறி, இறங்கிய பிறகு ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. வீட்டில் மூன்றாம் வகுப்பு படிக்கிற பையன், படுக்கையில் மாமியார்.

மறுநாள் மதிய உணவு நேரத்தில் மூத்த ஆசிரியர் என்னிடம் வந்தார். அந்த ஊர் அவர் வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். “டீச்சர், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே எழுதிக் கொடுத்திருப்பேனே. நான் தினமும் அந்த ஊரைத் தாண்டித்தானே வர்றேன்” என்றார். அதன் பிறகுதான் அந்த ஆறு பக்கத்தையும் எடுத்து முழுதாகப் படித்தேன்.

இரண்டு பேருக்கும் நல்லதாகவும், இரண்டு பள்ளிக்கும் சரியாகவும், விதிக்குள்ளேயும் ஒரு வழி இருந்திருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

இரண்டாம், மூன்றாம் முடிவுகள்

பெற்றோர் கொதித்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, கேட்டைப் பூட்டுவோம் என்றும் பேச்சு வந்தது. தீர்மானம் போடுங்கள், பூட்டு வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். பூட்டினால் அதிகாரிகள் வருவார்கள், பேசுவார்கள், ஒரு வாரம் பிள்ளைகளுக்குப் பாடம் போகும், ஆணை மாறாது. அதோடு, தூண்டிவிட்டார் என்று பழி இளைய ஆசிரியரின் தலையில்தான் விழும். இந்த முடிவு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அடுத்தது விடுவிப்பு. ஆணை வெள்ளிக்கிழமை வந்தது, உடனே விடுவிக்கச் சொன்னார்கள். வட்டாரக் கல்வி அலுவலரிடம் நேரில் போய், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை இன்னொருவர் கையில் ஒப்படைக்க மூன்று நாள் கொடுங்கள் சார் என்று கேட்டேன். திங்கள் மாலை வரை கொடுத்தார்.

அந்த சனி, ஞாயிறில் இளைய ஆசிரியர் 40 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றில் எழுதிக் கொண்டுவந்தார். 37 பிள்ளைகள், ஆளுக்கு அரைப் பக்கம். அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து எமிஸில் ஏற்றுவோம், அது எல்லோருக்கும் தெரியும். இந்த நோட்டில் இருந்தது வேறு. ஒரு பிள்ளைக்கு நேராக: “ல, ள குழப்புவான். ஆனால் கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் ஒரு வரி விடாமல் சொல்வான், அதிலிருந்து தொடங்கவும்.” இன்னொன்றுக்கு: “கேள்வி கேட்டால் பேசமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து நாம் படிக்க ஆரம்பித்தால் கூடச் சேர்ந்துகொள்வாள்.” மற்றொன்றுக்கு: “முட்டையைச் சாப்பிடாமல் பையில் வைப்பான். தம்பிக்கு. திட்ட வேண்டாம்.”

எமிஸில் இதை ஏற்ற ஒரு கட்டமும் இல்லை. ஒன்பது ஆண்டு ஓர் ஊரில் இருந்தவருக்குத்தான் இது தெரியும். பட்டியலில் அவருக்கு நேராக உபரி என்று அச்சடித்திருந்தது. மிஞ்சியது பணியிடம். அந்தச் சொல்லை ஓர் ஆளின் பெயருக்கு நேராகப் போடுவதையாவது நாம் மாற்றலாம் என்பது என் கருத்து.

பின்னால் நடந்தவை

மூன்று பேரோடு 95 பிள்ளைகள். மூத்த ஆசிரியர் மூன்றாம் வகுப்பை விட்டு ஒன்று, இரண்டுக்குப் போனார், சார் நான்கும் ஐந்தும், நான் மூன்றாம் வகுப்பு. தலைமையாசிரியர் வேலையும் வகுப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான்: பதிவேற்றம் வந்தால் வகுப்பு நிற்கும், வகுப்பு நடந்தால் பதிவேற்றம் நிற்கும், அதற்கு விளக்கம் கேட்பார்கள்.

பக்கத்துப் பள்ளியிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் மாற்றுப்பணியில் ஒருவரை அனுப்பக் கேட்டேன். நவம்பரில் கிடைத்தது, பிப்ரவரியில் நிறுத்திவிட்டேன். கல்வி உரிமைச் சட்டம் 25(2) பிரிவு, ஆசிரியர் மாணவர் விகிதம் கெடாமல் இருக்க ஒரு பள்ளி ஆசிரியரை இன்னொரு பள்ளியில் வேலை செய்யவைக்கக் கூடாது என்கிறது. அது தெரிந்தும் கேட்டேன். அந்த இரண்டு நாளும் அங்கே ஒருவர் இரண்டு வகுப்பைச் சேர்த்து உட்கார வைத்திருக்கிறார் என்பதை ஒரு நாள் நேரில் பார்த்தேன், அதற்குப் பிறகு மனசு வரவில்லை.

ஒன்றாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் படிப்பில் பின்வாங்கினார்கள். பேசமாட்டாள் என்று எழுதியிருந்த பெண் அரையாண்டு வரை யாரோடும் பேசவில்லை. மூத்த ஆசிரியர் நோட்டைத் தினமும் மேஜையில் திறந்து வைத்துத்தான் பாடம் எடுத்தார். அந்த நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் பின்வாங்கியிருப்பார்களோ.

அந்தப் பக்கம், 52 பிள்ளைகளுக்கு ஒற்றை ஆளாக இருந்த பள்ளியில் இரண்டாவது ஆசிரியர் வந்ததும் ஒன்று முதல் மூன்று வரை தனியாகப் பிரிந்தது. அங்கே இருந்த தலைமையாசிரியர் எனக்கு ஃபோன் செய்து, ஐந்து மாதத்துக்குப் பிறகு இன்றுதான் ஒரு வகுப்பில் முழுப் பாடவேளை உட்கார்ந்தேன் என்றார். இதையும் எழுதாமல் விட்டால் கதை பாதிதான். அனுப்பியது சரி, அனுப்பிய விதம்தான் தப்பு.

கோடை விடுமுறையில் மனமொத்த மாறுதலுக்கு வழி இருக்கிறதா என்று நானே முயன்றேன். மூத்தவர் அங்கே, இளையவர் இங்கே, இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். கலந்தாய்வு தேதி தள்ளிக்கொண்டே போனது. ஜூனில் இளைய ஆசிரியர் வீட்டைக் காலி செய்துகொண்டு புதுப் பள்ளிக்கு எட்டுக் கிலோமீட்டர் பக்கத்தில் குடிபோய்விட்டார். பையனையும் அங்கே சேர்த்துவிட்டார். தேதி வந்தபோது கேட்டேன். “இன்னொரு தடவை மூட்டை கட்ட முடியாது டீச்சர். பையன் இப்பதான் சிரிக்க ஆரம்பிச்சிருக்கான்” என்றார். மூத்த ஆசிரியர் இன்றும் அந்த 22 கிலோமீட்டர் வந்து போய்க்கொண்டிருக்கிறார்.

அடுத்த ஆகஸ்ட் 1-ல் எங்கள் எண் 93. நான்காவது இடம் திரும்ப வந்தது. ஆள் வந்தது அதற்கடுத்த ஜூனில்.

பிறகு மாற்றிச் செய்தது, மாற வேண்டியது

மறு ஆண்டிலிருந்து ஜூன் முதல் வாரமே எண்ணிக்கைத் தாளை ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டினேன். இன்றைய எண், எல்லை எண், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், எல்லோர் கண்ணிலும் படும்படி. சூளைக் குடும்பங்களின் ஃபோன் எண்களை ஒரு நோட்டில் வைத்து மாதம் ஒருமுறை பேசினோம். 93 வந்தது அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அந்த ஆண்டு ஒரு குடும்பமும் எங்களுக்குத் தெரியாமல் எங்கேயும் இருக்கவில்லை.

ஜூலையில் எல்லா ஆசிரியர்களிடமும் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு வைத்தேன்: நம் பள்ளியில் ஓர் இடம் குறைந்தால், நீங்களாகவே போக விரும்புகிற பள்ளி எதுவும் உண்டா? சார் முதலில் முகம் சுளித்தார், அவரை அனுப்பப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார். ஏன் கேட்கிறேன் என்று நடந்ததைச் சொன்ன பிறகு எழுதிக் கொடுத்தார். இந்தக் கேள்வி ஆகஸ்டுக்குப் பிறகு வந்தால் மிரட்டல் மாதிரி இருக்கும், ஜூலையில் கேட்டுவிட வேண்டும்.

அப்புறம், செயல்முறைகளை முதல் பக்கத்திலிருந்து படிப்பது. இணைப்பில் பெயரைத் தேடுவது அதற்குப் பிறகு.

என் கையில் இல்லாதவை சில. காலியிடப் பட்டியலைக் கலந்தாய்வுக்கு இரண்டு நாள் முன்பே வெளியிட்டால் போதும், ஆசிரியர் வீட்டில் பேசி, பேருந்து பார்த்து முடிவு செய்யலாம். விருப்பக் கடிதத்துக்கு ஒரே நாள் போதாது, அதுவும் இரவில் அனுப்பிவிட்டு. விடுவிப்புக்கு முன் ஒரு வாரம் இரண்டு ஆசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து இருக்க வைக்கலாம், அரசுக்கு ஒரு பைசா செலவில்லை. 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243, தொடக்கக் கல்வியில் ஒன்றிய அளவில் இருந்த பணிமூப்பு முன்னுரிமையை மாநில அளவுக்கு மாற்றியது, தொடக்கப் பள்ளி ஆசிரியர் அமைப்புகளின் கூட்டமைப்பான டிட்டோஜாக் சங்கங்கள் தெருவில் இறங்கிப் போராடின. எங்கள் கதையில் எல்லாமே ஒரே ஒன்றியத்துக்குள் நடந்தது, அதுவே இவ்வளவு பாடுபடுத்தியது. எல்லை விரியும்போது கேட்டுச் செய்வதும் முன்கூட்டிக் காட்டுவதும் இன்னும் அதிகம் வேண்டும்.

சூளைப் பிள்ளைகள் விஷயத்துக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் இடம்பெயர்ந்து திரும்புகிற பிள்ளைகள் உள்ள பள்ளிகளுக்கு, முந்தைய மூன்று ஆண்டுகளின் செப்டம்பர் எண்ணிக்கையையும் பார்த்து நிர்ணயம் செய்ய வேண்டும் என்று ஓய்வு பெறுவதற்கு முன் ஒரு கோரிக்கை எழுதிக் கொடுத்தேன். வருகைப் பதிவேட்டின் நகல்களை இணைத்திருக்கிறேன், எந்தப் பிள்ளை எந்தத் தேதியில் திரும்பி வந்தது என்பது அதில் இருக்கிறது. பெற்றுக்கொண்டதாக முத்திரை போட்ட நகல் இப்போதைய தலைமையாசிரியரிடம் இருக்கிறது, ஒவ்வொரு ஜூலையிலும் அவர் அதை நினைவூட்டி ஒரு கடிதம் போடுகிறார்.